பூந்தொட்டிகளோடு உள்ளே வந்த காற்றுமானி

யாகோதா,

நீ திரும்பி வந்தால் சாப்பிட, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன நாளிலிருந்து அடுப்பு எரியவில்லை. எனக்குப் பற்றவைக்க வரவில்லை.

மூன்று நாளாக மூடுபனியில் பாலமே தெரியவில்லை. ஊர்ப் புகை பள்ளத்தாக்கை விட்டு நகரவில்லை. காற்றின் மாசை அளக்கும் என் காற்றுமானி மட்டும், நம் அடுப்பு அணைந்ததிலிருந்து, 'சுத்தம்' என்று பச்சை விளக்கு காட்டியது. அப்போதுதான் உறைத்தது. நவம்பரில் முதல் உறைபனி விழுந்தபோது, பூந்தொட்டிகளோடு அதையும் சமையலறைக்குள் தூக்கி வைத்தவன் நான்தான்.

அதை நம்பித்தான் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து, "எல்லாம் என் மச்சான் வீட்டுப் புகைபோக்கி பண்ற வேலை" என்று உன் அண்ணன் மிலிசாவை வைத்துக்கொண்டே முழங்கினேன்.

"ஊரையே அளக்கறீங்களே, நம்ம அடுப்பை ஒரு தடவை அளந்தீங்களா?" என்று கேட்டாய். மூன்று மாதமாக அதைத்தான் அளந்திருக்கிறேன். என் சிகரெட்டையும் சேர்த்து.

பத்து மணிக்குப் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வருவார். நம் வீட்டுக்குத்தான். நான் மிலிசாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பிளம் சாராயத்தைத் தேடாதே, கையோடு எடுத்துப் போகிறேன்.

வுகாஷின்

பி.கு. மானியை இப்போதுதான் வெளியே மாட்டினேன். கூட்டத்தில் நான் சொன்ன மாசு அளவைப் போல இரண்டு மடங்கு காட்டுகிறது. ஆக, ஊர்க் காற்று கெட்டுப்போனது என்று நான் சொன்னது சரிதான். இதை இன்றைக்கு உன் அண்ணனிடம் சொல்ல மாட்டேன். முடிந்தவரை.