பேக்கரி ஜன்னலுக்கு வெளியே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து வந்த வலி என்று டாக்டர் சொல்கிறார், அப்பாவோ மாடி வீட்டைப் பிடித்தது நான்தான் என்று பழியை என் தலையில் போடுகிறார். நாங்கள் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. போனில் நீ கேட்டபோதெல்லாம் நல்லபடியாகப் போய் வந்தோம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் வேறெங்கோ போய்விடுவேன், சொல்ல வேண்டியது நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

தங்கையின் பள்ளியில், காது கேளாத பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய் அங்கே உள்ள தோழமைப் பள்ளிகளையும், அவர்கள் ஊர் ஜனங்களோடு சேர்ந்து செய்கிற வேலைகளையும் காட்டப்போகிறோம் என்றபோது நான் முடியவே முடியாது என்றதும், நீயும் அப்பாவும் கூட்டுச் சேர்ந்து என்னை மடக்கியதும் உனக்குத் தெரிந்ததுதான். துணைக்கு ஒரு அம்மா வரலாம் என்று சைகை டீச்சர் சொன்னார், மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். ஊர் சுற்றும் ஆசை இல்லைப்பா. கண் காணாத தேசத்தில் இவளுக்கு வாயாக யார் இருப்பார்கள் என்ற கவலைதான். பதினாறு வருஷமாக டாக்டரிடமும் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் இவளுக்காக நான்தானே பேசுகிறேன்.

அந்தப் பள்ளிக்குள் நுழைந்த பிறகுதான் அங்கே சைகையே வேறு என்று தெரிந்தது. உலகம் முழுக்க ஒரே சைகை என்று நான் நினைத்திருந்தேன். "இல்லக்கா, ஊருக்கு ஊரு பேச்சு மாறுற மாதிரிதான் இதுவும்" என்று டீச்சர் சிரித்தார். பெரிய ஹாலில் நம் பிள்ளைகள் ஒரு பக்கம், அவர்கள் பிள்ளைகள் ஒரு பக்கம், கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி நின்றார்கள். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று நினைத்தேன். அப்போது உன் தங்கை ஒரு நாற்காலியை இழுத்து ஹாலின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். விமானத்தில் பெல்ட்டைப் போடத் தெரியாமல் யாரோ தடுமாறுவது, மேலே கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டு சீட்டின் கையைப் பிடித்துக்கொள்வது, இறங்கும்போது பெல்ட்டைக் கழற்ற மறந்துவிட்டு எழுந்திருக்கப் பார்ப்பது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவள் விரல் என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், ஹாலே என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை, பாதி நம் சைகை, பாதி அவர்கள் சைகை, மீதி முகம் என்று ஒரு புதுப் பேச்சு உண்டாகிவிட்டது. நான்தான் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவள் மாதிரி ஒரு மூலையில் டீக் கோப்பையோடு நின்றேன். எனக்குத் தெரிந்த சைகைகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், சாப்பிடு, தூங்கு, வா, வேண்டாம், ஜாக்கிரதை. என்னிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான் தம்பி. அதை வைத்துக்கொண்டு அந்த ஹாலில் யாரோடு என்ன பேசுவது?

அந்த வாரக் கடைசியில் ஒரு பேக்கரிக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் பள்ளியில் படித்துப் பெரியவர்களானவர்கள் பள்ளியோடு சேர்ந்து நடத்தும் கடை, தெருமுனையில், பெரிய கண்ணாடி ஜன்னலோடு. அங்கே வேலை செய்கிற ஒருவருக்கும் காது கேட்காது. அடுப்பில் ரொட்டி வெந்தால் மணிக்குப் பதிலாக ஒரு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. மாவு பிசையும் மேஜைக்கு எதிரில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிவதற்கு. கடையை நடத்தும் பேக்கரிக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் போன நேரம் மாவுக் கடையிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை ஓரத்தில் ஈரம். அந்தம்மா அதைத் தொட்டுப் பார்த்து, அவரைக் கூப்பிட்டு, அவர் கையையும் அதில் வைக்க வைத்து, வாசலைக் காட்டினார். அவர் ஏதேதோ பேசினார். இவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற நிற்பிலேயே நின்றார். மனுஷன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வேறொன்று கொண்டுவந்தார். நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காது கேளாத குழந்தைகளைத்தான் இத்தனை வருஷமாகப் பள்ளியில் பார்த்திருக்கிறேன், காது கேளாத ஒரு முதலாளியை அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகளும் கை போடலாம் என்றார்கள். உன் தங்கை நேராக அடுப்புப் பக்கம் போனாள், கை வைத்த இடமெல்லாம் சுடும் அடுப்பு. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்று வேண்டாம், வேண்டாம் என்றேன். அந்தப் பேக்கரிக்காரம்மா என் தோளைப் பிடித்து, மெதுவாகத்தான், ஆனால் பிடி விடாமல் என்னை வெளியே நடத்திக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்றவளை வாசலில் உட்கார வைக்க இவர் யார்? எழுந்து உள்ளே போகத்தான் இருந்தேன். அப்போது கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், உன் தங்கை தட்டை வெளியே இழுக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். முகம் சுருங்கியது. ஜன்னலில் என்னைத் தேடுவாள் என்று பாதி எழுந்துவிட்டேன். அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குழாயடியில் விரலை நீட்டினாள், உதறினாள், பக்கத்துப் பெண்ணிடம் விரலைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள், கையுறையைச் சரியாக மாட்டிக்கொண்டு அடுத்த தட்டை இழுத்தாள். நான் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது, ஆனால் அது கஷ்டத்தில் வந்த அழுகை இல்லை.

பிறகு அவளும் அந்தம்மாவும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வெகுநேரம் பேசினார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் டீச்சரிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். டீச்சர் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். "எங்கம்மா, நான் அண்ணன் வீட்டுலதான் இருக்கப்போறேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அண்ணன் வீட்டுக்கு நான் லீவுக்குப் போவேன். இருக்கறதுக்கு எனக்குன்னு ஒரு வீடு வேணும், வாசல்ல பெல் அடிச்சா உள்ள லைட்டு எரியணும்" என்றாளாம். அந்தம்மா என்ன சொன்னார் என்றேன். "சிவப்பு லைட்டு வெக்காத, கண்ணு வலிக்கும், மஞ்ச லைட்டு வை" என்றாராம். அவ்வளவுதான். இவளால் முடியுமா என்ற பேச்சே அங்கே எழவில்லை, விளக்கின் நிறத்துக்குப் போய்விட்டார்கள்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன். உன்னோடு வேலை செய்யும் அந்த நர்ஸ் பெண்ணைப் பற்றிப் போன வருஷம் சொன்னாய். தங்கையையும் காலத்துக்கும் வீட்டில் வைத்துக்கொள்வாளா என்று கேட்டுவிட்டு வா என்றேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்காதே. கேட்டிருந்தால், அம்மா வாபஸ் வாங்கிவிட்டாள் என்று சொல். உன் தங்கையை உன்னிடம் ஒப்படைக்க நான் யார், அவளைக் கேட்காமல்? அவளுக்கு நீ அண்ணனாக இரு, வம்புக்கு இழு, பிறந்தநாளை மறந்து திட்டு வாங்கு, அது போதும். அப்பாவிடமும் பேசிவிட்டேன். "இதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றார், எப்போது சொன்னார் என்று கேட்டால் பேச்சை முழங்காலுக்கு மாற்றுகிறார்.

இங்கே டீச்சர் சும்மா இருக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பன் செய்து தெருவில் விற்க அனுமதி வாங்கியிருக்கிறார். முதல் வாரம் கல்லு மாதிரி இருந்தது, அப்பா இரண்டு தின்றுவிட்டுப் பிரமாதம் என்றார். துணியில் மாவு படாமல் இருக்கப் பிள்ளைகளுக்கு மேலங்கிகள் நான் தைத்துக் கொடுக்கிறேன். அதே சனிக்கிழமை பெற்றோருக்குச் சைகை வகுப்பு, நான்தான் வகுப்பில் மக்கு. என் விரல்கள் ஊசி பிடிக்கத்தான் லாயக்கு என்று உன் தங்கை சொல்கிறாள். ஆனாலும் போன வாரம் ஒரு முழு வாக்கியம் கற்றுக்கொண்டேன், "நீ என்ன நினைக்கிறே?" என்று. அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டுக் கேட்டேன். எதைப் பற்றி என்று கேட்கவில்லை அவள். குழாயை மூடினாள், கையைத் துடைத்தாள், என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். எனக்குக் கால்வாசி புரிந்திருந்தால் அதிகம். நான் நிறுத்தச் சொல்லவில்லை தம்பி. அவளும் நிறுத்தவில்லை.

நீயும், உன் மனசில் இருக்கிற அந்தப் பெண்ணும் நீண்ட காலம் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வை, போனைக் கொஞ்சம் தள்ளி வை, உன் கைகள் படத்தில் தெரியவில்லை என்று உன் தங்கை ரொம்ப நாளாகக் குறைபட்டுக்கொள்கிறாள்.

அன்புடன்,
அம்மா