வீட்டிலேயே கழுவிக்கொண்டு வந்த கால்

நேற்று திருப்பதியிலிருந்து சித்தூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுற்றிலும் மொட்டைத் தலைகள், தலை நிறையச் சந்தனம், மடிக்கு மடி லட்டு. பாகாலாவில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்தனத்தையும் நெய்யையும் பிளந்துகொண்டு கார்பாலிக் சோப்பு வாசனை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னாபா, நீ எங்க இங்க ஏறினே?" என்று கேட்டுவிட்டேன். அவர் யாரோ ஆஸ்பத்திரிச் சிப்பந்தி. "ஏமண்டி?" என்றார். நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்து போகிறது. வயிறு சரியில்லையா என்று என் மனைவி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கையின் வாசனையைப் பற்றி நம் வேதக்கோயில் பாட்டுக்குழுப் பெண்கள் பேசியதையெல்லாம் சுடச்சுட உன்னிடம் கொண்டுவந்து கொட்டியவன் நான்தான். கண்ணை மூடி ஜெபித்தாலும் நீ உள்ளே வந்தது தெரிந்துவிடுமாம். நீ சிரிப்பாய். மிஷன் ஆஸ்பத்திரியின் பின்கட்டுக் குஷ்டரோகக் கொட்டகையில், பெரிய வியாதிக்காரர்களின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது உன் வேலை. நம் சபையார் உனக்குத் தோத்திரம் சொன்னால் இரண்டு கஜம் தள்ளி நின்றே சொல்வார்கள். நான் மட்டும் கை கொடுப்பேன். கொடுத்துவிட்டு, நீ பார்க்காதபோது வேட்டியில் துடைத்துக்கொள்வேன். பார்த்திருக்கிறாயா என்று இன்றுவரை தெரியாது.

ஒருநாள் காபி கிளப்பில் வடையைப் பிட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "தினம் நாப்பது காலு கழுவுறேன்பா. என் காலை யாருனா ஒருவாட்டி கழுவினா எப்டி இருக்கும்னு தெரிஞ்சிக்கணும்." கல்யாணம் கட்டியிருந்தால் பெண்டாட்டி கழுவியிருப்பாள் என்று நான் கிண்டல் செய்தேன். நீ அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாய். ஆண்டவர் பன்னிரண்டு பேர் காலையும் கழுவினாரே, அவர் காலை அன்றைக்கு யார் கழுவினார்கள்? வேதத்தில் எழுதலையே என்றேன்.

"எழுதுற மாதிரி ஒண்ணும் நடக்கல. அத்தினி பேருல ஒருத்தனுக்கும் தோணலபா."

அந்த வருஷம்தான் புதிய போதகர் வந்தார். பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவப் போவதாகச் சொல்லி, கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் பட்டியல் கேட்டார். நம் கோயிலில் அதுவரை இல்லாத வழக்கம். ஆந்திர ராஜ்யம் பிறந்து, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊர் ஊராகத் தலை எண்ணிக்கொண்டிருந்த காலம். நாம் மட்டும் சும்மா இருப்போமா? கால் எண்ண ஆரம்பித்தோம். தமிழ்க் கால் ஆறு, தெலுங்குக் கால் ஆறு. சபையைக் கட்டியதே எங்கள் பாட்டன்மார், ஆகவே ஏழு என்றார் நம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ராஜ்யமே எங்களுடையது, ஆகவே ஏழு எங்களுக்கு என்றார் மரக்கடைக்காரர். மூன்று மாலை கமிட்டி கூடியது. குனிந்து பணிவிடை செய்ய வந்த இரட்சகரின் பெயரால் அவ்வளவு நிமிர்ந்து சண்டை போட்டோம்.

உன் பெயரை நான்தான் முதலில் எழுதினேன். சத்தியமாக. ஆனால் உன்னை எந்தப் பக்கத்தில் எண்ணுவது? அப்பா நெல்லூர்த் தெலுங்கர், அம்மா புத்தூர்த் தமிழ். அவன் ஜெபிப்பது தமிழில், உங்கள் கணக்கில் வையுங்கள் என்றார் மரக்கடைக்காரர். அவன் திட்டுவது தெலுங்கில், உங்கள் கணக்கு என்றார் ஹெட்மாஸ்டர். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, உன் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். மரக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அந்த மூன்று மாலையில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நான் உன் பெயரை அடித்தேன். அடித்த இடத்துக்கு மேலே என் பெயரை எழுதினேன். உன்னிடம் போய், போதகரே ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று சொன்னேன்.

"சரிபா," என்றாய். "தண்ணி யாரு தூக்குறாங்க?"

அந்த வியாழன் நினைவிருக்கிறதா? பன்னிரண்டு பேரும் காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தோம். நான் நுரைக்கல்லெல்லாம் தேடினேன், கடைசியில் செங்கல் துண்டு போட்டுத் தேய்த்தேன். மரக்கடைக்காரர் காலுக்குப் பவுடர் பூசியிருந்தார். தண்ணீர் பட்டதும் அது மாவாகக் கரைந்து ஓடியது, அந்த ஆராதனையில் கழுவ வாய்த்த ஒரே அழுக்கு அதுதான். பிரசங்கம் நன்றாக இருந்தது. இரட்சகர் உலகத்துக்கு வந்து சிம்மாசனம் கேட்கவில்லை, ஒரு துண்டைக் கேட்டு வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுநாள் சிலுவையில் செய்ததும் அதே வேலைதான், மனுஷனைக் கழுவுகிற வேலை என்றார் போதகர். சொல்லத் தெரிந்தவருக்குக் கழுவத் தெரியவில்லை. செத்த மீனைத் தூக்குகிற மாதிரி கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினார். ஏழாவது ஆளோடு அவர் முழங்கால் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. வாளியோடு பின்னால் நின்ற நீ, அவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டு மீதி ஐந்து பேருக்கும் குனிந்தாய்.

கடைசி ஆள் நான். என் காலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய்:

"வூட்லயே கழுவிக்கினு வந்துட்டியே. எனக்கு இன்னா வேல மிச்சம் வச்சே?"

நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றுதான். உன் கால் என் கண்ணில் பட்டது. கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாய், கணுக்கால் வரை செம்மண், குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தால் போதும். புது வேட்டி, ஹெட்மாஸ்டரின் கண், மரக்கடைக்காரரின் வாய் எல்லாவற்றையும் யோசித்தேன். பாட்டு முடிந்தது. நீ வெளியே போய், மிச்சத் தண்ணீரை உன் காலில் நீயே ஊற்றிக்கொண்டாய். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் போதகரை மாற்றிவிட்டார்கள், வழக்கமும் அவரோடு போயிற்று. சில வருஷம் கழித்து எல்லை வழக்கும் தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். ஹெட்மாஸ்டரும் மரக்கடைக்காரரும் இப்போது ஒரே வெற்றிலைப் பெட்டி. அவர்களுக்கு நினைவுகூட இல்லை. நான் அடித்த பெயர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே அந்தப் பட்டியல் கோயில் கதவில் ஒரு வாரம் தொங்கியது. நீ தினமும் அந்தக் கதவு வழியாகத்தான் போனாய். படித்தாயா? படித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினாயா? உன்னோடு எத்தனை காபி குடித்தேன், ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

தந்தி கிடைத்து, வேலையாகப் போயிருந்த திருப்பதியிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் கிடத்திவிட்டார்கள். காலில் வெள்ளைச் சாக்ஸ். அதைக் கொஞ்சம் கழற்றலாமா என்று உன் தங்கையைக் கேட்டேன். "இன்னாத்துக்குண்ணே? நல்லா வெந்நீர்ல கழுவிட்டுதான் போட்டோம்," என்றாள்.

இன்று காலை கொட்டகைக்குப் போனேன். நர்சம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு முக்காலியும் பேசினும் கொடுத்தார். கழுவினால் போதும், கட்டுப் போடுவதில் கை வைக்காதே என்றார். முதல் ஆள் விஜயபுரம் பக்கத்து வேர்க்கடலை விவசாயி. "சூடு பாத்து ஊத்துபா. எனக்குக் கால்ல ஒண்ணும் தெரியாது," என்றார். அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். நான் என் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். நீ வருஷக் கணக்காகக் கழுவிய கால்களில் எத்தனைக்கு உன் கை பட்டதே தெரிந்திருக்கும்? எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என அன்று என்னிடம் சொன்னாயே, அவர்களைக் கேட்டுப் பயனில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாய்.

அடுத்த சனிக்கிழமையும் வருவாயா என்று அவர் கேட்டார். வருகிறேன் என்றேன். என் வார்த்தையின் தரம் உனக்குத் தெரியும், ஆகவே இங்கே எழுதியும் வைக்கிறேன்.

எப்படி இருக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியும், நீ கழுவிய கால் இது. முதலில் கூச்சம். பிறகு, காலை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று பயம். அப்புறம் உன் உள்ளங்கை குதிகாலைத் தாங்கியதும், என் கனத்தை முழுக்க ஒருவன் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தக் கணத்தில் நான் யார் பக்கத்துக் கணக்கு என்பதே நினைவில்லை. அவ்வளவுதான். உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது. நான் வாங்கி வைத்திருக்கிறேன்.