நீ கையால் போட்ட செட்டிங்

இன்று மத்தியானம் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அந்த ஜின்னிங் மில்லில் இன்னும் நம் பழைய புரோகிராமைத்தான் ஓட்டுகிறார்கள். தராசில் பஞ்சுப் பொதியை ஏற்றினால் எடையைத் திரையில் காட்டுமே, அதுதான். அதில் ஒரு திருத்தம் வேண்டுமாம். மூன்று வருடத்துக்கு முன் நீ கடைசியாக ஏற்றிய பதிப்பை இறக்கினேன். ஒரு ஃபோல்டரைக் காணவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. அந்த வரியின் நடுவில் உன் பெயர். உன் லேப்டாப்பில் உன் பெயரில் இருந்த ஃபோல்டர்.

நம் சண்டையே அந்த ஃபைல்களால்தான் வந்தது. நாம் எழுதும் புரோகிராம் கோடு வேறு, அதைப் பார்த்து எடிட்டர் தானாக உண்டாக்கும் பிராஜக்ட் ஃபைல்கள் வேறு. தானாக உண்டானவை அவரவர் மெஷினில் தனி பில்ட் ஃபோல்டரில் கிடக்க வேண்டும். எல்லோரும் கோடை ஏற்றி இறக்கும் பொதுவான கிட்டில் (Git) ஏறக்கூடாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மேனேஜருக்கு டபுள் கிளிக் பண்ணினால் திறக்க வேண்டும், அதனால் எல்லாமே ஏறின. நீ ஏற்றினால் என் மெஷினில் உன் ஃபோல்டர் பெயர், நான் ஏற்றினால் உன் மெஷினில் என் ஃபோல்டர் பெயர். "ஏ புள்ள, இன்னைக்கும் உன் வீட்டு விலாசத்தை அனுப்பி வச்சிருக்கியே, சீர்வரிசையும் பின்னால வருதா?" என்று போனில் கேட்பாய்.

திங்கட்கிழமை மட்டும் மதுரை ஆபீஸ், மற்ற நாள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை. நீ பரளச்சியிலிருந்து வந்து இறங்குவதற்குள் அருப்புக்கோட்டையில் மதுரை பஸ்ஸில் உனக்கு சீட்டுப் பிடித்து வைத்திருப்பேன். ஒரு நாள் காரியாபட்டி தாண்டும்போது சொன்னாய். தராசோடு வந்த சாஃப்ட்வேர் லைப்ரரி பழசு, புரோகிராமை முப்பத்திரண்டு பிட்டில் பில்ட் பண்ணினால்தான் ஓடும். மூன்று நாள் முட்டி அதைக் கண்டுபிடித்து, எடிட்டரில் அந்த செட்டிங்கைக் கையால் மாற்றி வைத்திருந்தாய். அந்த மாற்றம் பிராஜக்ட் ஃபைலில் மட்டும்தான் இருந்தது.

"அந்த ஃபைல அழிக்கிறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அழி. எம் பாடு பூரா அதுலதான் இருக்கு."

தலையாட்டினேன். நாலு மாதம் எனக்கு. பஸ் குலுக்கலில் குமட்டலை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி உன் ஃபைலும் என் ஃபைலும் மோதின. எரிச்சலில் எல்லா பிராஜக்ட் ஃபைலையும் கிட்டிலிருந்து நீக்கினேன். தனி ஃபோல்டரில் புதிதாக பில்ட் பண்ணினேன். ஒரு பிழையும் வரவில்லை; என் வீட்டில் தராசா இருக்கிறது, தெரிவதற்கு? முறையாகச் செய்துவிட்டோம் என்ற திமிரில் உனக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் பதில் மில்லுக்குப் போய் என் புது பில்டைப் போட்டோம். முதலாளி பக்கத்தில் நிற்க, பொதியை ஏற்றினார்கள். எடை வரவில்லை; உன் செட்டிங் நான் அழித்த ஃபைலோடு போயிருந்தது. மேனேஜர் நம் இருவரையும் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டேன். "அவ கையால ஒரு செட்டிங் போட்டு வச்சிருந்தா சார். யாருக்கும் சொல்லல."

முதல் பாதி உண்மை. கிட்டில் யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவைத் திறந்திருந்தால் அழித்தது யாரென்று தெரிந்திருக்கும். அவர் திறக்கவில்லை, நீயும் திறந்து காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? அதற்காக இன்னும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஒன்றுதான் சொன்னாய். "வேலை போனா உங்க வீட்ல ரெஸ்ட் எடுன்னு சொல்லுவாக. எங்க வீட்ல என்ன சொல்லுவாகன்னு நெனச்சுப் பாத்தியா?"

எங்களுக்குச் சொந்தமாகப் பருத்தி விளையும் காடு இருந்தது. உன் அம்மா அப்படிப்பட்ட காடுகளில் களை வெட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தார். உங்கள் வீட்டின் முதல் மாதச் சம்பளக்காரி நீ. அந்த வாரமே உன்னை வரவேண்டாம் என்றார்கள். உன்னை அனுப்பிவிட்டு, உன் பழைய பதிப்பையே எடுத்து மில்லில் போட்டார்கள். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

ஆறு மாதத்தில் உன்னை மஞ்சள்காமாலை கொண்டுபோனது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று வீட்டில் தடுத்தார்கள். இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று அந்த செட்டிங்கை, நாம் கையால் எழுதி கிட்டில் வைக்கும் பில்ட் குறிப்பு ஃபைலிலேயே எழுதினேன். ஒரே ஒரு வரி. இனி யார் எந்த ஃபோல்டரை அழித்தாலும் அது போகாது. அன்று உன்னைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. மாற்றத்தோடு சேர்க்கும் குறிப்பில், இதைக் கண்டுபிடித்தது நீ, உன்னைக் கேட்காமல் அழித்தது நான், மில்லில் நின்றுபோனது என்னால் என்று இருவர் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

அரைமணியில் மேனேஜர் கூப்பிட்டார். "எதுக்கும்மா பழசெல்லாம்? யாரு படிக்கப் போறா? பில்ட் சரி செய்யப்பட்டதுன்னு ஒரு வரி போடுங்க, போதும்."

முடியாது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பாப்பா சிணுங்கினாள். ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. பிள்ளைக்காரிக்கு வேலை வேண்டுமே என்று உன் பெயரை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைப் போட்டேன். மில்லில் அன்று முந்திக்கொண்டு பேசியதும் வயிற்றில் இருந்த இவளுக்காக என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் இவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.