மாமனார் காரில் ஏறாத டிஃபரன்ஷியல்

பேக்கர்ஸ்ஃபீல்ட், திங்கள்

அன்புள்ள டார்லா,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று பந்தய ஒத்திகை ஓட்டத்தில் உன் தம்பி வெண்டல் ஓட்டிய காரின் டிஃபரன்ஷியலில், அந்தப் பின்சக்கரப் பல்சக்கரப் பெட்டியில், பல் உடைந்தது. கார் சுவரை உரசி நின்றது. அவனுக்குக் கீறல்கூட இல்லை.

இதைவிட உறுதியானதைப் பக்கத்து அணியினர் இரவல் தருகிறார்கள். ஆனால் அது உன் அப்பாவின் காரைச் செய்த கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனியுடையது.

“எங்கப்பா வண்டியில அவனுங்க சாமான் ஏறாது மச்சான். பயமா இருந்தா போய் பாப்கார்ன் வித்துக்கோ” என்கிறான்.

அதே பழைய வகையைத்தான் வாங்கி வந்திருக்கிறான். பந்தயம் அடுத்த ஞாயிறு. உன் சொல்லைக் கேட்பான். கடிதம் கிடைத்ததும் விடுதிக்குப் போன் செய். என்னோடும் கொஞ்சம் பேசு. கம்பளிக் காலுறை அனுப்பு.

வெண்டல் கூப்பிடுகிறான். அந்தப் பழைய வகை டிஃபரன்ஷியலைத் தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும்.

உன்,
எல்டன்