குனிந்து நிற்கிற ஐந்து நட்சத்திரம்

செப்டம்பர் 12, 2023 – செவ்வாய்

இன்றும் ஒருத்தன் வந்தான். வண்டி நம்பர் தகடு புதுப்பிக்க வந்தவன் அந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? சட்டையில் குத்தியிருக்கிற என் பெயரைப் படித்துவிட்டு, "பிக்கெட்டா? கெண்ட்ரெல் பிக்கெட்டோட அம்மாவா நீங்க? ஏம்மா, உங்க பையன் எப்பத்தான் ஆடப் போறான்?" என்றான். இன்ஷூரன்ஸ் காகிதம் ஒரிஜினல் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். நகலே போதும். போகட்டும், நாளைக்கு வரட்டும்.

அலபாமாவில் வண்டி இல்லாதவன் கிடையாது. இந்த மாவட்டத்தில் அத்தனை வண்டிக்கும் தகடு என் ஜன்னலில்தான். ஆகவே அத்தனை பேரும் கேட்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஜனங்கள்தான் பள்ளிக்கூட ஜிம்மில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேஜையில் கெண்ட்ரெலை ஆடக் கூப்பிட்ட ஐந்து கல்லூரிகளின் தொப்பி. எதை எடுத்துத் தலையில் வைக்கப் போகிறான் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டோம்பிக்பீ பல்கலைக்கழகத்தின் கெளுத்தி மீன் சின்னம் போட்ட தொப்பியை எடுத்து வைத்தான். பாஸ்டர் அழுதுவிட்டார். ஃபுட்பாலில் பந்து எறிகிற குவார்ட்டர்பேக் பையன்களில் நாட்டிலேயே நாலாவது இடம். ஐந்து நட்சத்திரம். அதைக் கொடுத்தது எங்கேயோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீடியோ பார்க்கிற ஒரு ஆள். அன்றைக்கு எனக்கு அந்த ஆள் தீர்க்கதரிசி மாதிரி தெரிந்தான்.

இப்போது எறிகிறவர்கள் வரிசையில் கெண்ட்ரெல் மூன்றாவது. முன்னால் இருக்கிற ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தால்தான் இவனுக்கு வழி. அதற்கெல்லாம் ஜெபம் பண்ணுகிற ஆள் நான் இல்லை. சரி, ஒரே ஒரு தடவை பண்ணினேன். சின்னக் காய்ச்சல்தான் கேட்டேன்.

செப்டம்பர் 16 – சனி

இன்றும் ஆடவில்லை. தண்ணீர் குடித்ததை டி.வி.யில் காட்டினார்கள். நன்றாகக் குடித்தான்.

செப்டம்பர் 20 – புதன்

கெளுத்தி ரசிகர்கள் இணையத்தில் எழுதிக்கொள்கிற பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. '74 பட்டதாரி'. என் புருஷன் எல்வுட்டுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நான் ஓய்வுபெற்ற ஆண்பிள்ளை, முழங்கால் சரியில்லை, மனைவி தவறிவிட்டாள். முதலில் முழங்கால் மட்டும்தான் வைத்திருந்தேன். ஒருநாள் சண்டை முற்றி எல்லாரும் என் மேல் பாய்ந்தபோது, வேறு வழியில்லாமல் மனைவியைச் சாகடித்தேன். உடனே அடங்கிவிட்டார்கள். அதிலிருந்து நல்ல மரியாதை.

கெண்ட்ரெலை எவன் குறை சொன்னாலும் '74 பட்டதாரி' விடுவதில்லை. ஒருத்தன் மட்டும் அடங்க மாட்டேன் என்கிறான். 'துருப்பிடித்த வாளி' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். பெயரைப் பார்! இன்றைக்கு எழுதுகிறான்: "பையன் நல்லவன். ஆனா அவன் குவார்ட்டர்பேக் இல்ல. ஸ்கூல்ல எல்லாரையும்விட ஒரு அடி உயரமா இருந்தான், அவ்வளவுதான். இங்க எல்லாரும் உயரம். அவனை வேற இடத்துல போடுங்க, நிம்மதியா இருப்பான்."

நிம்மதியாம்! இவன் யார் என் பிள்ளையின் நிம்மதியைப் பற்றிப் பேச? உடனே உட்கார்ந்து பதில் போட்டேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 8 – ஞாயிறு

சர்ச்சில் ஓலீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெர்லீன், உன் கெண்ட்ரெலுக்காக நான் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன்டி" என்றாள். அவள் பையன் டேவிஸுக்கு ரெண்டே ரெண்டு நட்சத்திரம். அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "ரெண்டு நட்சத்திர ஓட்டல்ல கரப்பான்பூச்சி ஓடும்" என்று இதே சர்ச் வாசலில் சிரித்தேன். அந்தக் கரப்பான்பூச்சி இப்போது ஒரு வாரம் விடாமல் ஆடுகிறது. அவனைப் பார்க்க, சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற ப்ரோ அணிக்காரர்கள் வந்து போகிறார்களாம்.

"ரொம்ப நன்றி ஓலீத்தா" என்றேன். வாய் மட்டும் சிரித்தது.

அக்டோபர் 21 – சனி

ஆடினான்! கடைசிப் பத்து நிமிஷம். நாங்கள் ஏற்கெனவே மண்ணைக் கவ்வியாகிவிட்டது, அதனால் இறக்கிவிட்டார்கள். முதல் பந்து தரையில். ரெண்டாவதை நேராக எதிரணிக்காரன் மார்பில் வைத்தான். அவன் அதை அணைத்துக்கொண்டு கடைசிக் கோடு வரைக்கும் ஓடினான். சொந்த ஜனமே கூச்சல் போட்டது. எல்வுட் டி.வி.யை அணைத்துவிட்டுப் புல் வெட்டப் போனான். புல் நேற்றுத்தான் வெட்டியது.

வாளி எழுதியிருக்கிறான்: "ஒன்பது வயசுல பாஸ்டர் கார் கண்ணாடியை உடைச்ச அதே கை. அப்பவே யாராவது கவனிச்சிருக்கலாம்."

அந்தக் கண்ணாடி விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. லாரியிலிருந்து கல் தெறித்தது என்றுதான் பாஸ்டர் இன்று வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். தெரிந்தது மூன்று பேருக்கு. நான். கெண்ட்ரெல். அப்புறம் –

எல்வுட்! கட்டின புருஷன்! பெற்ற பிள்ளையை!

அக்டோபர் 24 – செவ்வாய்

எனக்குக் கோழி வறுத்துக்கொண்டேன். அந்த மனுஷனுக்கு டப்பா பீன்ஸ். சூடுகூடப் பண்ணவில்லை.

"நான் என்னடி பண்ணேன்?" என்றான்.

"உனக்கே தெரியும்."

அக்டோபர் 29 – ஞாயிறு

ஐந்து நாள் டப்பா பீன்ஸில் மனுஷன் உடைந்துவிட்டான். தானாக வந்து ஒப்புக்கொண்டான் – படகுக்குப் புது மோட்டார் வாங்கி அவன் தம்பி கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறானாம். நான் முறைத்தேன். உடனே இன்னொன்று: ஓலீத்தா கொடுத்தனுப்பிய கேக்கை எனக்குக் கொடுக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்து முழுசாகத் தின்றிருக்கிறான். மறுபடியும் முறைத்தேன். என் அக்காவின் பாட்டு தனக்கு எப்போதுமே பிடிக்காது என்றான். கேட்க வேண்டியது மட்டும் வரவே இல்லை. எவ்வளவு அழுத்தம்!

நவம்பர் 23 – வியாழன், நன்றித் திருநாள்

எழுதியே ஆக வேண்டும். இன்னும் காது சூடாக இருக்கிறது.

கெண்ட்ரெல் கல்லூரியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். சனிக்கிழமை கடைசி ஆட்டம், அதற்குள் திரும்ப வேண்டும். வான்கோழி, சோளரொட்டிக் கலவை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் மேஜையில். எல்வுட் ஜெபம் சொல்லி முடித்தான். ஆமென் சொன்ன கையோடு கேட்டேன்:

"எல்வுட், உன் பிள்ளை முன்னால சொல்லு. துருப்பிடித்த வாளி யாரு?"

"வாளியா? பின்னாடி ஷெட்டுல கிடக்கு. எதுக்கு இப்ப?"

"நடிக்காதே! இன்டர்நெட்டுல உட்கார்ந்து பெத்த பிள்ளையைக் கழுவி ஊத்தறியே, வெட்கமா இல்ல உனக்கு?"

எல்வுட் என்னைப் பார்க்கிறான், வான்கோழியைப் பார்க்கிறான். கெண்ட்ரெல் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா. அது நான்."

"எது நீ?"

"வாளி. நான்தான்மா." அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "நீ எப்படி அந்தப் பக்கத்தைப் படிக்கிறே? ... இரு. இரு. '74 பட்டதாரி'... சோறு, ஜெபம், பாஸ்டர்னு எழுதற ஆளு... ஐயோ அம்மா! அது நீயா? உன்னைப் போயி ஐயா ஐயான்னு கூப்பிட்டேனே! உன் பொண்டாட்டி செத்ததுக்கு ஆறுதல் சொல்லி ஒரு பக்கம் எழுதினேனே!"

"யாரு பொண்டாட்டி செத்தா?" என்றான் எல்வுட்.

"என் பீன்ஸுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான் அடுத்தபடியாக.

"உன்னை நீயே ஏன்டா திட்டிக்கிறே?" என்று கேட்டேன்.

"திட்டலம்மா. உள்ளதைச் சொன்னேன். வேற எங்க சொல்ல முடியுது? சர்ச்சுல சொன்னா ஜெபம் பண்றாங்க. உன்கிட்ட சொன்னா கோச்சுக்கு போன் போடறே. பந்தைக் கையில எடுத்தாலே எனக்கு வாந்தி வருதும்மா. ரெண்டு வருஷமாச்சு."

அதற்கப்புறம்தான் விஷயம். எங்கள் அணியில் குனிந்து நின்று, கவட்டுக்குள்ளால் பந்தைப் பின்பக்கம் அனுப்புகிற ஒரு பையன் இருக்கிறான். உதைக்கிற சமயத்தில் மட்டும் வருவான். அவன் படிப்பை முடித்துவிட்டுப் போகிறான். சும்மா விளையாட்டுக்குக் கெண்ட்ரெல் அனுப்பிப் பார்த்தானாம், பந்து கோடு போட்ட மாதிரி போனதாம். அடுத்த வருஷம் அந்த இடம் உனக்கு என்று கோச் சொல்லிவிட்டார். அங்கே நிற்கிறவன் பெயர் தப்புப் பண்ணினால்தான் வெளியே வருமாம்.

"ஐந்து நட்சத்திரம் வாங்கினது குனிஞ்சு நிக்கறதுக்கா?" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். டிசம்பர் நாலாம் தேதியிலிருந்து வேறு கல்லூரிக்கு மாற அனுமதி. ஆர்கன்ஸாவில் ஒரு சின்னக் கல்லூரி, வந்தால் முதல் நாளே நீதான் குவார்ட்டர்பேக் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே போ, இன்னும் ஒரு வருஷம் எறிந்து பார், உலகத்துக்குக் காட்டு என்றேன்.

அவன் கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். "நீ போகச் சொன்னா போறேம்மா" என்றான்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் 24 – வெள்ளி

எல்வுட்டுக்குக் கோழி வறுத்துப் போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மோட்டார் விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது.

டிசம்பர் 3 – ஞாயிறு

கெண்ட்ரெல் வந்திருக்கிறான். நாளைக்கு மாற்றத்துக்குக் கதவு திறக்கிறது. ஆர்கன்ஸாவா இல்லையா என்பது இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

சர்ச்சிலிருந்து வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அப்பனும் பிள்ளையும். எல்வுட் குப்பைத்தொட்டியைப் படுக்க வைத்து அதன் பக்கத்தில் நிற்கிறான். கெண்ட்ரெல் தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, காலுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து – விர்ரென்று அனுப்பினான். தொட்டிக்குள். மறுபடியும் தொட்டிக்குள். எல்வுட் தொட்டியை இடம் மாற்றி வைத்தான். அப்போதும் தொட்டிக்குள்.

"ஏன்டா, முன்னாடி பார்த்து எறிஞ்சா எதிரிக்குப் போவுது. திரும்பி நின்னு எறிஞ்சா நேரா வருது. உன்னை உங்கம்மா தப்பான பக்கமா திருப்பி வளர்த்துட்டாடா!" என்று எல்வுட் கத்தினான்.

கெண்ட்ரெல் சிரித்தான். குனிந்த வாக்கிலேயே சிரித்து, நிற்க முடியாமல் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தான். ஆறடி ஐந்து அங்குலப் பிள்ளை.

கையில் பந்தோடு அவன் சிரித்ததை நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? ஜிம்மில் தொப்பி வைத்த அன்றைக்கா? இல்லை. அன்றைக்குச் சிரித்தது நான். அவனா சிரித்தான்? ஐயோ, அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லையே. தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயைத் திறந்தபடியே விட்டு அழுதேன்.

டிசம்பர் 4 – திங்கள்

ஆர்கன்ஸா கோச் வீட்டுக்குப் போன் பண்ணினார். கெண்ட்ரெல் குளித்துக்கொண்டிருந்தான். நான்தான் எடுத்தேன். "இங்கதான் இருக்கான், இங்கதான் இருப்பான். கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றேன். அவர் ஏதோ சொல்லவந்தார், வைத்துவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "யாரும்மா?"

"ஆர்கன்ஸா. நீ வரலேன்னு சொல்லிட்டேன்."

ஈரத்தலையோடு வந்து என்னைத் தூக்கிவிட்டான். நான் ஒன்றும் லேசான மனுஷி இல்லை. "கீழே விடுடா, குனியற இடுப்பு போயிடப் போவுது" என்றேன்.

டிசம்பர் 9 – சனி

'74 பட்டதாரி' மறுமணம் செய்துகொண்டு ஃப்ளோரிடாவுக்குக் குடிபோவதாக எழுதிக் கணக்கை மூடினேன். எல்லாரும் வாழ்த்தினார்கள். வாளியும் வாழ்த்தினான்: "புது அம்மாவை நல்லா பார்த்துக்குங்க ஐயா."

திமிரைப் பார்.

ஜூலை 16, 2024 – செவ்வாய்

ஒரு விளையாட்டுப் பத்திரிகை, கெண்ட்ரெல் தொப்பி வைத்த வருஷத்துப் பத்து பெரிய குவார்ட்டர்பேக் பையன்கள் இப்போது எங்கே என்று போட்டிருக்கிறது. ஒருத்தன் ப்ரோ அணிக்குப் போய்விட்டான். ஒருத்தன் நாலு கல்லூரி மாறி இப்போது ஐந்தாவதில். ரெண்டு பேருக்குத் தோள் போயிற்று. முதல் இடத்தில் இருந்த பையன் – அவன் அம்மா அப்போது ஒரு பயிற்சி முகாமில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை – சவ அடக்க வேலை படிக்கிறானாம். படத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கெண்ட்ரெல் பெயருக்கு எதிரே: "குனிந்துவிட்டார்."

நட்சத்திரம் கொடுத்த ஆள் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்து இந்த வருஷத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யார் நட்சத்திரம் போடுவது?

ஓலீத்தா பையன் டேவிஸைப் ப்ரோ அணி எடுத்துவிட்டது. கேக் பண்ணிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இந்தத் தடவை எல்வுட்டை வண்டியில் ஏற்றவில்லை.

ஆகஸ்ட் 31 – சனி

முதல் ஆட்டம். மைதானத்தில் இருந்தோம்.

ஊரே பந்தைப் பார்த்தது. நான் என் பிள்ளையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அவன் குனியும்போதும் எல்வுட்டின் தொடையைக் கிள்ளினேன். மனுஷன் இப்போது நொண்டுகிறான்.

கடைசி நொடியில் ரெண்டு புள்ளி பின்தங்கி இருக்கிறோம். உதைத்தால் மூன்று. கெண்ட்ரெல் குனிந்தான். எனக்கு ஜெபமே வரவில்லை, "குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டி" என்றுதான் வாயில் வந்தது. பந்து நேராகப் போயிற்று, பிடித்தவன் வைத்தான், உதைக்கிறவன் உதைத்தான். ஜெயித்துவிட்டோம்! உதைத்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் பிள்ளை மூன்று தடியன்களுக்கு அடியிலிருந்து எழுந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடினான்.

செப்டம்பர் 1 – ஞாயிறு

காலையில் எழுந்ததும் ரசிகர்கள் பக்கத்தைத் திறந்தேன். உதைத்தவனைப் புகழ்ந்திருக்கிறார்கள். பந்தைப் பிடித்து வைத்தவனுக்கும் நாலு வார்த்தை. கோச்சைத் திட்டியிருக்கிறார்கள், வெயிலைத் திட்டியிருக்கிறார்கள், வண்டி நிறுத்துகிற இடத்தைத் திட்டியிருக்கிறார்கள். கெண்ட்ரெல் என்று எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழே மூன்று தடவை தேடினேன்.

ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

எல்வுட்டை எழுப்பிச் சொன்னேன். ரெண்டு பேரும் படுக்கையில் உட்கார்ந்து கைதட்டினோம்.