ஓடக்காரன் உள்ளே போன கதை

நம் கதைப் புத்தகத்தில் ஓட்டை விழுந்த பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ரெக்சின் அட்டை உரிந்துவிட்டது, தாள் பழுத்துவிட்டது. ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் லேத் எண்ணெய் வாடை இன்னும் அப்படியே இருக்கிறது. பேட்டைப் பட்டறையில் கையைத் துடைக்காமல் நாம் புரட்டிய வாடை.

இந்தக் கதையை இப்போது சினிமாவாக எடுத்துவிட்டார்கள். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, சாவகாசமாக இப்போது வந்து எடுக்கிறார்கள். ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டருக்கு மகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கதாநாயகன் நீலனின் முகம் போட்ட பனியனோடு ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். எனக்கு அடுத்த சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். "எனக்கு இந்தக் கதைன்னா உசுரு" என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை வாராவாரம் வந்தபோது அவளுடைய அம்மாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது. என் சட்டையை எடுத்து யாரோ போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடப்பதுபோல் இருந்தது. பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது, உனக்குத் தெரியாத குணமா?

அந்த வாரப் பத்திரிகையை ஒரு வாரம் நீ வாங்குவாய், ஒரு வாரம் நான் வாங்குவேன். வாங்கியவன் வீட்டில் வைத்து முதலில் படிக்கலாம், மறுநாள் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், கதையைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டி விடக்கூடாது. இதுதான் ஒப்பந்தம். கரண்ட் போனால் பட்டறையில் எல்லாரும் பீடிக்குப் போவார்கள், நாம் மெஷினுக்குப் பின்னால் பத்திரிகையோடு உட்கார்ந்துவிடுவோம். உன் முறை வரும் வாரமெல்லாம் எனக்கு வயிறு எரியும். முந்தின நாளே எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் நீ போல்ட்டுக்கு மரை வெட்டிக்கொண்டிருப்பாய். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நான் இரண்டு பீஸைக் கெடுத்திருக்கிறேன்.

நீலன் என்கிற திருடன், இளவரசியின் திருட்டுப்போன குரலைத் தேடி ஆற்றுக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கோட்டைக்குப் போகிறான். அவனை நாற்பது அத்தியாயம் சுமந்து வருபவன் ஓடக்காரன். அந்த ஓடக்காரன் நான்தான் என்று பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீலன் யார் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாரும் உன்னைத்தான் நினைத்தார்கள், அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

நாற்பத்தோராம் அத்தியாயம் உன் முறை. மறுநாள் நீ கொண்டுவந்த பத்திரிகையில் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கு நடுவே சதுரமாக ஒரு ஓட்டை. பின்பக்கத்தில் காலிஃபிளவர் மஞ்சூரியன் செய்முறை இருந்ததாம், உன் வீட்டுக்காரி கத்தரித்து எடுத்துக்கொண்டாளாம். நான் நம்பவில்லை.

"நீ மட்டும் படிச்சிட்டு வேணும்னே வெட்டிட்டு வந்திருக்கே. எனக்குத் தெரியாதாக்கும்."

"ஏலே, நான் எதுக்குலே வெட்டுதேன்? உக்காரு, பைய சொல்லுதேன்."

நான் உட்காரவில்லை. ஜங்ஷன் வரை சைக்கிள் மிதித்தேன், எந்தக் கடையிலும் ஒரு பிரதி மிஞ்சவில்லை. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கரண்ட் போனபோது நீயாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய். நீலன் சுழலுக்குள் குதிக்கப்போகிறான். நம் ஊர் ஆற்றில் இருக்கும் குறுக்குத்துறைச் சுழலைவிட நூறு மடங்கு பெரிது. குதிக்கப் போனவன் திரும்பிப் பார்க்கிறான், கரையில் ஓடக்காரன் தனியாக நிற்கிறான். நீலன் திரும்பி வந்து அவன் கையைப் பிடிக்கிறான். "நான் மட்டும் பார்த்து என்னலே ருசி இருக்கு, நீயும் வா." இரண்டு பேரும் சேர்ந்து குதிக்கிறார்கள்.

"ஆனா ஒண்ணு, கோட்டைக்குள்ள போனதும் ஓடக்காரன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அடுத்த வாரம் பேரு வரலியேன்னு நெனைக்காதே. கூடவேதான் இருக்கான்" என்றாய்.

அதற்குப் பிறகு ஓடக்காரன் பெயர் கதையில் எங்குமே வரவில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. நீலன் தடுமாறிய இடத்திலெல்லாம் ஓடக்காரன் தாங்கிப் பிடித்தான் என்றே படித்தேன். கதை முடிந்ததும் எல்லாத் தாளையும் சேர்த்து பைண்ட் செய்தோம். பூவா தலையா போட்டதில் புத்தகம் எனக்கு வந்தது. வேறு பதிப்பு எதையும் நான் தொட்டதில்லை, பத்திரிகையில் வரைந்த படங்களோடு நம்மிடம் இருக்கும்போது எதற்கு?

சினிமாவில் நீலன் தனியாகக் குதித்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடக்காரன் துடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். தியேட்டரே கைதட்டியது. எனக்கு வந்த கோபத்தில், கதையிலேயே உயிரான இடத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று வாசல்வரை கத்திக்கொண்டே வந்தேன். மகள் மறுநாள் புதுப் பதிப்பை வாங்கிவந்து நாற்பத்தோராம் அத்தியாயத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். சினிமாவில் வந்தது அப்படியே இருந்தது. ஓடக்காரனுக்குக் கடைசியாக ஒரே ஒரு வரி. நீ சொன்னதில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

நேரே உன் வீட்டுக்குப் போனேன். வள்ளியூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்த உன் மனைவி அன்று காலைதான் திரும்பியிருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, அவன் எங்கிட்ட ஒரு கதை சொன்னான். அது பொய்யின்னு உனக்குத் தெரியுமா?"

அவள் சிரித்தாள். "ஓடக்காரன் கதையா? தெரியும் அண்ணாச்சி. நீங்க பேசலைன்னு மூணு நாளு அவிய சரியாச் சாப்பிடல. உள்ளதச் சொன்னாத்தான் என்னன்னு கேட்டேன். 'அவன் அந்த ஓடக்காரன் நாந்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதான். கரையில விட்டுட்டுப் போயிட்டான்னு அவங்கிட்ட எப்படிட்டீ சொல்ல'ன்னாவ. அடுப்படியில உக்காந்து எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லிப் பார்த்துட்டுத்தான் வந்தாவ."

முப்பது வருஷம். எனக்கு முன்னால் அவள் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை. அப்போதும் நான் முதலில் இல்லை. அந்தத் துண்டு இன்னும் இருக்கிறதா என்றேன். சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். மஞ்சூரியன் செய்முறை வெளியே தெரிய, நீலன் தனியாகக் குதிக்கும் பக்கம் உள்ளே மறைய, மாவுப் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தாள். அந்த மஞ்சூரியனை நீ டிபன் பாக்ஸில் கொண்டுவந்தபோது மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றவன் நான்.

"பிச்சுத் தரட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம் தங்கச்சி. ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும்."

கிளம்பும்போது, புத்தகத்தை ஒரு வாரம் தருவீர்களா, அவிய தொட்ட பொருள் பார்க்கணும்போல இருக்கு என்று கேட்டாள். இங்கே வந்து பார்த்துக்கொள், கையில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். அவளுக்கு நீ உட்கார்ந்து சொல்லிப் பார்த்த அடுப்படி இருக்கிறது, எனக்கு இந்த ஒரு புத்தகம்தான்.

இன்று ஓட்டையின் அளவுக்கு வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினேன். நீ சொன்னதை நீ சொன்னபடியே பொடி எழுத்தில் எழுதினேன். திரும்பிப் பார்த்தது, கையைப் பிடித்தது, கண்ணுக்குத் தெரியமாட்டான் என்றது, எல்லாம் அடங்கிவிட்டது. நாற்பது வாரம் சுமந்தவனைக் கரையில் விட்டுவிட்டுப் போக அந்த எழுத்தாளருக்கு மனம் வந்தது, உனக்கு வரவில்லை. எனக்கு மட்டும் இப்படி ஒரு இடம் தோன்றியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். நீ ஒரே ஒருவனுக்காகக் கட்டி, அதையும் இன்னொருவர் எழுதியதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

கடைசியில் எழுதியவர் பெயர் போடக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. என் கையெழுத்துத்தானே, என் பெயரைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் உன் பெயரை எழுதினேன். வயிறு எரிந்துகொண்டேதான் எழுதினேன்லே.