வாய்விட்டு வாசிக்க வேண்டிய தாள்

இன்று காலை பயிற்சி அறைக்குப் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் புதுத் தார்ப்பாய்க் கட்டுகளை இறக்கினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். நீ செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியும் உன் கோபம் மட்டும் இன்னும் ஓயவில்லை போலிருக்கிறது.

முத்தையாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் நம் நிறுவனம் வெள்ள முகாம் நடத்திய நாட்கள். நிவாரண வேலைக்கு வருகிற எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பொருள் கொடுப்பதைக் காட்டி எந்தப் பெண்ணையும் எதற்கும் கூப்பிட மாட்டேன் என்ற உறுதிமொழி. டீயைக் குடித்துக்கொண்டே போட்டோம். நீ தாளைப் பிடுங்கிக்கொண்டாய். "ஏளா, இத நமக்குள்ள வச்சு என்ன செய்ய? வரிசையில நிக்கிற பொம்பளைங்க முன்னால வாய்விட்டு வாசிங்க."

வாசித்தோம். முகாம் பொறுப்பாளராக இருந்த ஆள் மட்டும் தொண்டை சரியில்லை என்று நழுவினான். மறுநாள் குழாயடியில் செல்வி உன்னைத் தனியாகக் கூப்பிட்டாள். உப்பளத்து வேலைக்காரி, கணவனை இழந்தவள். "தார்ப்பாய் வேணும்னா சாயங்காலம் கிட்டங்கிக்குத் தனியா வான்னு சொல்லுதான்க்கா. வெளிய சொன்னா உள்ளதும் போயிருமோன்னு வாயத் திறக்கல."

புகார்ப் பெட்டி இல்லாமலா? இருந்தது. அந்த ஆளின் மேஜைக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள், சாவியும் அவனிடம். புகார் எதுவும் வரவில்லை என்று நிம்மதியாக அறிக்கை எழுதியவள் நான்.

தார்ப்பாயை நீயே தோளில் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் கொடுத்தாய். பிறகு இருவரும் நிறுவனத் தலைவரிடம் போனோம். "நம்ம பேரு கெட்டுப்போகும்மா. ஆள வேற ஊருக்கு மாத்திருதேன்" என்றார். "ஏன் சார், அந்த ஊர்ல பொம்பளைங்க இல்லையா?" என்று நீ மேஜையைத் தட்டினாய். மாறுதல் கடிதத்தை டைப் செய்ததும் நான்தான். காரணம் 'நிர்வாக வசதி' என்று போடச் சொன்னார்கள், போட்டேன். என் வேலை எனக்குப் பெரிதாக இருந்தது. நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன் பிறகும் பேசியிருக்கக் கூடாது.

இன்று நிவாரண வேலைக்கு வருகிறவர்களுக்கு அதே உறுதிமொழி வகுப்பை நடத்த வேண்டியவள் நான். வருகைப் பட்டியலைப் பார்த்தேன். நான்காவது பெயர் அந்த ஆளுடையது. இந்த மழைக்குச் சாத்தான்குளம் பக்கம் முகாம் பொறுப்பாளராம். முதல் வரிசையில் உட்கார்ந்து, எனக்கு வணக்கம் வேறு வைத்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். அந்தத் துணிச்சலை டைப் செய்து கொடுத்தது என் விரல்கள்.

வகுப்பைத் தொடங்காமல் வெளியே வந்து செல்விக்குப் போன் போட்டேன். அவளைக் கேட்காமல் அவள் பட்டதை எழுத எனக்கு என்ன உரிமை? விவரம் சொல்லி, புகார் கொடுக்கலாமா, பெயரை மறைத்துவிடலாம் என்றேன்.

"பேரப் போட்டே எழுதுங்கக்கா. அன்னைக்கே எழுதுவீங்கன்னுதான் சொன்னேன்."

எழுதி, நிறுவனத்துக்கு வெளியே இருக்கிற விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்காமல் வகுப்பு நடக்காது என்றும் சொல்லிவிட்டேன். உள்ளே தலைவர் கத்திக்கொண்டிருக்கிறார். வேலை போனாலும் போகட்டும். நீ பேசாமல் இருந்த அந்த ஒரு வாரத்தை இத்தனை நாள் சுமந்தேன். செல்வி நம்மை நம்பிக் காத்திருந்த வருஷங்களையும் இனி சேர்த்துச் சுமக்க வேண்டும்.